அமெரிக்கவியல்: ஒரு துறையின் நூறு ஆண்டுகள்

1891 செப்டம்பர் 28 அன்று நியூயார்க்கில் ஹெர்மன் மெல்வில் இறந்தார். பத்தொன்பது ஆண்டுகள் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் நாவல்கள் எழுதியவர் என்பது அந்த நகரத்தில் பலருக்கு மறந்துபோயிருந்தது. 1851இல் வெளிவந்த 'மோபி டிக்' அச்சில் இல்லை. இன்று எந்த நாட்டில் அமெரிக்க இலக்கியத்துக்குப் பாடத்திட்டம் போட உட்கார்ந்தாலும் அந்தத் திமிங்கல நாவலைத் தவிர்த்துவிட்டு எழுந்திருக்க முடியாது. மெல்வில் ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதிவிடவில்லை. படிப்பவர்கள் மாறினார்கள்.

அக்கால அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத் துறைகளில் ஆங்கிலோ சாக்சன் இலக்கணம் இருந்தது, சாசர் இருந்தார், மில்டன் இருந்தார். சொந்த நாட்டு எழுத்து ஓய்வு நேரத்தில் படிக்கிற சமாசாரமாகவே கருதப்பட்டது. விடுதலை பெற்று நூறாண்டு தாண்டிய பிறகும் இலக்கியத்துக்கு லண்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அமெரிக்கன் லிட்டரேச்சர்' என்ற ஆய்விதழே 1929இல்தான் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வரத் தொடங்கியது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கல்லூரியில் இருந்த தராதரம் தெரிந்த நமக்கு இந்தத் தாழ்வுணர்ச்சி புதிதாக இருக்காது. அமெரிக்காவுக்கே அது இருந்தது என்பதுதான் வியப்பு.

வரலாறு, இலக்கியம், பண்பாடு ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் துறைக்கு அமெரிக்கவியல் என்று பெயர். கனடாவையும் சேர்த்துக்கொண்டால் வட அமெரிக்கவியல். தேசப்படத்தில் வட அமெரிக்கா என்றால் மெக்சிகோவும் உண்டு. பாடத்திட்டத்தில் அது பெரும்பாலும் இருக்காது; ஸ்பானிய மொழி பேசும் குற்றத்துக்காக லத்தீன் அமெரிக்கத் துறைக்கு அனுப்பப்பட்டிருக்கும். கனடாவுக்கும் கடைசி வரிசையில் ஓர் இடம்தான். பெயரில் ஒரு கண்டம், வகுப்பில் ஒரு நாடு.

துறையின் தொடக்க நூல்களில் முதன்மையானது வெர்னன் பாரிங்டன் 1927இல் வெளியிட்ட அமெரிக்கச் சிந்தனை வரலாறு. நாவலாசிரியர், மதபோதகர், அரசியல்வாதி எல்லோரையும் ஒரே சரட்டில் கோத்தவர் அவர். 1930களில் ஹார்வர்டு, அமெரிக்க நாகரிக வரலாற்றில் முனைவர் பட்டத்தைத் தொடங்கியது. 1941இல் அங்கே ஆசிரியராக இருந்த எஃப். ஓ. மத்தீசன் எமர்சன், தோரோ, ஹாதோர்ன், மெல்வில், விட்மன் ஐவரையும் 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்ற தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தார். பெயர் கிடைத்ததும் மரபு கிடைத்துவிட்டது. இன்றைக்கும் நம் எம்.ஏ. ஆங்கில மாணவர் அமெரிக்க இலக்கியம் என்ற ஒற்றைத் தாளில் படிப்பது ஏறக்குறைய அந்த ஐவரில் தொடங்கும் வரிசையைத்தான். ஐவரும் வெள்ளையர், ஐவரும் ஆண்கள், ஐவரும் வடகிழக்கு மாநிலத்தவர். அவர்கள் எழுதிய நாட்களில் தெற்கில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தனர்.

அடுத்து வந்தது, தொன்மமும் படிமமும் என்று அழைக்கப்படும் ஆய்வுமுறை. ஹென்றி நாஷ் ஸ்மித்தின் 'கன்னி நிலம்' (1950) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலிவு விலை நாவல், நாடாளுமன்றப் பேச்சு, பயணக் குறிப்பு எல்லாவற்றையும் அடுக்கிவைத்து, மேற்கே ஆளில்லாத நிலம் தங்களுக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு ஒரு நாட்டின் சட்டங்களையே எப்படி உருவாக்கியது என்று காட்டினார். 1862இன் குடியேற்ற நிலச் சட்டம் விண்ணப்பித்த குடும்பத்துக்கு 160 ஏக்கர் தந்தது. உழுதால் விளையும் என்ற தோட்டக் கனவு, மழை குறைந்த பெருஞ்சமவெளியில் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியது. ஒரு கற்பனை எப்படிப் பட்டாவாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல்கள் குறைவு. ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள். லகோட்டா, செயென், கொமாஞ்சே என்று அவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. நூலில் அவர்களுக்கு உரிய இடம் இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து 1986இல் ஸ்மித் தன் நூலைத் தானே திரும்பிப் பார்த்து, மேற்கு நோக்கிய விரிவு கொண்டுவந்த துயரங்களைத் தான் போதிய அளவு பார்க்கவில்லை என்று எழுதினார். கன்னி நிலம் என்ற கற்பனையை ஆராயப் போனவரையே அந்தக் கற்பனை பிடித்துக்கொண்டது. இந்தத் துறையில் யாரையாவது ஆசான் என்று கைகாட்டச் சொன்னால் நான் ஸ்மித்தைத்தான் காட்டுவேன். நூலுக்காகப் பாதி, அந்த ஒப்புதலுக்காகப் பாதி.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பேசியாக வேண்டும். 1946இன் ஃபுல்பிரைட் சட்டம், போர் முடிந்து அயல்நாடுகளில் கிடந்த அமெரிக்க இராணுவத் தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குத் திருப்பியது. 1947 கோடையில் ஹார்வர்டு மாணவர் சிலரின் முயற்சியால் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில், நாடக மேதை மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் மாளிகையில் அமெரிக்கப் பண்பாட்டு முகாம் கூடியது. போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் இளைஞர்கள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து படித்தார்கள். பாடம் நடத்தியவர்களில் மத்தீசனும் மானுடவியலாளர் மார்கரெட் மீடும் உண்டு. மத்தீசன் சோசலிஸ்ட், தற்பால் ஈர்ப்பு கொண்டவர். சொந்த நாட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை சூடேறிக்கொண்டிருந்த 1950இல் பாஸ்டன் விடுதி ஒன்றின் மாடியிலிருந்து குதித்து இறந்தார். அமெரிக்க இலக்கியத்துக்கு மரபு வகுத்துக் கொடுத்தவரை அமெரிக்காவே சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

பெர்லின் கதை வேறு மாதிரி. சோவியத் பகுதியில் இருந்த பழைய பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவர்கள் 1948இல் மேற்குப் பகுதியில் 'சுதந்திரப் பல்கலைக்கழக'த்தைத் தொடங்கினார்கள். 1963இல் அங்கே வட அமெரிக்க ஆய்வு நிறுவனம் எழுந்தது; அதே ஆண்டு கொல்லப்பட்ட கென்னடியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நிறுவியவர் எர்ன்ஸ்ட் ஃபிராங்கல், யூத வழக்கறிஞர். 1938இல் ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர். நாஜி ஆட்சியில் சட்டம் எப்படி இரட்டை வேடம் போட்டது என்பதை 'இரட்டை அரசு' என்ற நூலாக 1941இல் அங்கே வெளியிட்டவர். 1950களின் தொடக்கத்தில் திரும்பி வந்து, தன்னை விரட்டிய நாட்டின் பிள்ளைகளுக்கு மக்களாட்சி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அமெரிக்காவைப் பாடமாக்கினார். அந்த நிறுவனத்தில் இன்றும் பண்பாடு, இலக்கியம், வரலாறு, அரசியல், சமூகவியல், பொருளாதாரம் ஆறும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அமெரிக்கவியல் என்பது அமெரிக்கப் பிரசாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுபவர்களுக்கு ஃபிராங்கலை நினைவூட்டலாம். பண்பாட்டு அமைப்புகளுக்குள் சி.ஐ.ஏ. இரகசியமாகப் பணம் செலுத்தியது 1966, 67இல் அம்பலமானதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இரண்டும் உண்மை.

இந்தியாவில் இந்தக் கணக்கு கோதுமையில் எழுதப்பட்டது. 1954இன் அமெரிக்கச் சட்டம் பி.எல். 480இன்படி இங்கே வந்த கோதுமைக்கு நாம் ரூபாயில் விலை கொடுத்தோம். டாலராக மாற்றி எடுத்துப்போக முடியாத அந்த ரூபாய் இங்கேயே குவிந்தது. அதில் ஒரு பங்கு கல்விக்கும் புத்தகத்துக்கும் போனது. 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ் நூல்களும் அதில் போயின. இங்கே எடைக்குப் போட்ட சிறுபத்திரிகையை சிகாகோ நூலகத்தில் தேட வேண்டியிருப்பதற்கு அந்தக் கோதுமைதான் காரணம். எதிர்த்திசையில், 1964இல் ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்கவியல் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்காவைப் பற்றிய பெரிய நூலகங்களில் ஒன்றாக அது இருந்தது. பனிப்போர் முடிந்ததும் பெயரும் நிர்வாகமும் மாறின. முப்பது ஆண்டுகள் இந்திய ஆங்கிலத் துறைகளுக்கு அது ஒரு தாய்வீடு.

துறையை உள்ளிருந்து உடைத்தது 1968. அந்த நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியின் கறுப்பின, மெக்சிக, ஆசிய, பழங்குடி மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்த போராட்டத்தின் முடிவில், 1969இல் இன ஆய்வுகளுக்கென்றே ஒரு தனிக் கல்லூரி அங்கே பிறந்தது. அவர்கள் கேட்டது, எங்களைப் பற்றியும் நாலு பாடம் வையுங்கள் என்பதோடு நிற்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுக்கும் வரலாறே தப்பு என்றார்கள்.

தப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலமே (1865–77) சான்று. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்து, சட்டமன்றங்களில் அமர்ந்து, பள்ளிகள் திறந்த காலம் அது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் அதை ஊழலும் தகுதியின்மையும் ஆண்ட காலம் என்று எழுதினார்கள். தாமஸ் டிக்சன் அதே பார்வையை 1905இல் நாவலாக்கினார். வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் முகமூடிக்காரர்கள் அதில் வீரர்கள். டி. டபிள்யூ. கிரிஃபித் 1915இல் அந்த நாவலை 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற மௌனப் படமாக எடுத்தார். படத்தின் எழுத்தட்டைகளில் ஒரு வரலாற்று நூலிலிருந்து மேற்கோள்கள் வரும். அந்த நூலை எழுதியவர் உட்ரோ வில்சன், அப்போதைய குடியரசுத் தலைவர், டிக்சனின் கல்லூரித் தோழர். படம் வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் குன்றில் கிளான் மறுபடி தொடங்கப்பட்டது. வகுப்பறைக் குறிப்பு நாவலாகி, நாவல் சினிமாவாகி, சினிமா தூக்குக்கயிறானது. வரலாற்றை ஒரு கட்டடத்திலும் இலக்கியத்தை இன்னொன்றிலும் சினிமாவை மூன்றாவதிலும் வைத்துப் படித்தால் இந்தச் சங்கிலி யார் கண்ணிலும் படாது. மூன்றையும் சேர்த்துப் படிக்க ஏன் ஒரு துறை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இதற்கு மறுப்பு 1935இலேயே வந்துவிட்டது. கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் எழுதிய 'கறுப்பு மறுசீரமைப்பு' எழுநூறு பக்கங்களுக்கு மேல் போகும் நூல். வரலாற்றாசிரியர் சங்கத்தின் முதன்மை ஆய்விதழ் அதற்கு ஒரு மதிப்புரைகூடப் போடவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1988இல், எரிக் ஃபோனரின் நூல் டூபாய்ஸ் வழியே நடந்து அந்தக் காலத்தின் வரலாற்றை நிலைநிறுத்தியது. ஃபோனர் பணியாற்றியதும் டன்னிங்கின் கொலம்பியாவில்தான். டன்னிங் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த 1913–16 ஆண்டுகளில் அதே வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் அம்பேத்கர். அவர் 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து யார் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது பாடத்திட்டத்தின் கையில் இல்லை.

இலக்கியத்திலும் இதே மீட்பு நடந்தது. கறுப்பின நாவலாசிரியர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்து பெயரில்லாத குழியில் புதைக்கப்பட்டவர். 1973இல் ஆலிஸ் வாக்கர் புளோரிடாவின் புதர்க்காட்டில் கல்லறையைத் தேடிப்போய்க் கல் நட்டார். இன்று ஹர்ஸ்டன் இல்லாத பாடத்திட்டம் அரிது. டோனி மாரிசன் 1992இல் மேலும் ஒரு படி போனார். கறுப்பர் இல்லாததுபோல் தோன்றும் வெள்ளை எழுத்தாளர்களின் நூல்களும் கறுப்பரை நினைத்தே எழுதப்பட்டவை என்று, எட்கர் ஆலன் போவையும் ஹெமிங்வேயையும் வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். பழைய ஐவரைத் தூக்கி எறியாமல் வேறு வெளிச்சத்தில் வாசிக்கும் வழி அது. பழங்குடி எழுத்தில் ஸ்காட் மொமடேயின் நாவலுக்கு 1969இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. வைன் டெலோரியா அதே ஆண்டு எழுதிய நூல், பழங்குடி மக்களை ஆராய வரும் மானுடவியலாளர்களையே எள்ளி நகையாடியது. 1848 உடன்படிக்கையில் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதியை இழந்ததையும், எல்லை மக்களைத் தாண்டிப் போன கதையையும் கிளோரியா அன்சல்டுவா 1987இல் ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த உரைநடையில் எழுதினார்.

பண்பாடு என்ற மூன்றாம் கால் சற்று நொண்டும். ஜாஸ், பேஸ்பால், ஹாலிவுட், பர்கர் என்று எதை வேண்டுமானாலும் பாடமாக்கலாம் என்ற தளர்வு அதில் உண்டு. நல்ல ஆய்வு வந்தால் அருமையாக வரும். 1849இல் நியூயார்க் ஆஸ்டர் பிளேஸில், மேக்பெத்தாக நடிப்பதில் ஆங்கில நடிகர் மக்ரெடி பெரியவரா, உள்ளூர் ஃபாரஸ்ட் பெரியவரா என்று ரசிகர்கள் மோதிக்கொண்டதில் படை சுட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர் சண்டை பார்த்த ஊருக்கு இது உடனே புரியும். அன்று கூலித் தொழிலாளியின் சொத்தாக இருந்த ஷேக்ஸ்பியர் எப்படி மேட்டுக்குடியின் சொத்தானார் என்பதை இந்தச் சம்பவத்தையும் வைத்து லாரன்ஸ் லெவின் 1988இல் எழுதினார்.

கனடாவின் குறை வேறு. தெற்கே ஒரு யானை படுத்திருக்கும்போது தன்னைப் பற்றிப் படிக்க அந்த நாட்டுக்கே தோன்றவில்லை. தாமஸ் சைமன்ஸ் 1975இல் அளித்த அறிக்கை, கனடியப் பல்கலைக்கழகங்கள் கனடாவைப் புறக்கணிப்பதைத் துறை துறையாகப் பட்டியலிட்டது. மார்கரெட் அட்வுட் 1972இல் எழுதிய 'உயிர்பிழைத்தல்' கனடிய இலக்கியம் என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கே பதிலாக எழுதப்பட்டது. பிறகு அயல்நாடுகளிலும் கனடியவியலுக்கு ஒட்டாவா பணம் கொடுத்தது, 2012இல் நிறுத்திவிட்டது. பணத்தோடு பல மையங்களும் போயின. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய உண்மை ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளோடு முடிந்த பிறகு, அந்த நாட்டின் வரலாற்றை எந்தக் கல்லூரியிலும் பழைய மாதிரி தொடங்க முடிவதில்லை.

கனடிய வரலாற்றில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். 2010இல் 'சன் சீ' கப்பலில் 492 பேர் வந்தார்கள். அதை வைத்து ஷாரன் பாலா 2018இல் ஆங்கில நாவல் எழுதினார், அது கனடிய இலக்கியம். அதே கனடாவில் அ. முத்துலிங்கமும் சேரனும் தமிழில் எழுதுவது எந்த நாட்டு இலக்கியம்? ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே கனடிய இலக்கியம் என்ற வரையறைக்கு இந்தக் கேள்வி எரிச்சலூட்டும். எரிச்சலூட்ட வேண்டும்.

கேள்வி இப்போது உள்ளிருந்தும் வருகிறது. 1998இல் அமெரிக்கவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜானிஸ் ராட்வே, சங்கத்தின் பெயரில் உள்ள 'அமெரிக்க' என்ற சொல்லையே மாற்ற வேண்டாமா என்று தலைமையுரையில் கேட்டார். ஒரு நாட்டின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடாமல் கடல் கடந்து படிக்கும் போக்கு அதையொட்டி வலுத்தது. யேல் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1718இல் அவர் அனுப்பிய 417 புத்தகங்களும் ஒன்பது பொதிச் சரக்கும் போய்ச் சேர்ந்ததால் நியூ ஹேவனில் இருந்த சிறு கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதில் அவர் நிர்வாகத்துக்கு இருந்த பங்கும் இன்று ஆராயப்படுகிறது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் 2024இல் மன்னிப்புக் கேட்டது. நியூ இங்கிலாந்தின் வரலாறு எழுதச் சோழமண்டலக் கரைக்கு வர வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அரிசோனாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் டூசான் பள்ளிகளில் மெக்சிக அமெரிக்க வரலாற்றுப் பாடம் மூடப்பட்டது. 2017இல் நீதிமன்றம் அச்சட்டத்தின் பின்னே இன வெறுப்பு இருந்ததாகச் சொல்லி அதைத் தள்ளியது. 2023இல் புளோரிடா மாநிலம் ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பாடத்திட்டத்தை ஏற்க மறுத்தது. ஆட்சியாளர்கள் ஒரு பாடத்துக்குப் பயப்படுகிறார்கள் என்றால் அந்தப் பாடம் ஏதோ சரியாகச் செய்கிறது. ஆனாலும் துறைக்குள் இருப்பவர்கள் மீது எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. கோட்பாட்டுச் சொற்கள் பெருகப் பெருக மூல ஏடுகளைத் தேடிப்போகும் பொறுமை குறைந்துவிட்டது. நம் ஊர்ப் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் ஒரே நாவலுக்கு ஐந்து கோட்பாடுகளை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கிறோம். 1850இல் ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கச் சட்டம் வந்தது தெரியாமலே விட்மனை நோட்ஸில் படித்து முடிக்கிற மாணவரை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் தெரிந்த மாணவருக்கு ஒரு ஏடு காத்திருக்கிறது. நியூ இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி. தமிழ்ப் பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம் பிள்ளை அந்தச் செமினரியில் படித்தவர். வெர்மான்ட்டில் பிறந்த மிரன் வின்ஸ்லோவின் தமிழ் அகராதி 1862இல் வந்தது. மாசசூசெட்ஸ்காரரான சாமுவேல் கிரீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். வின்ஸ்லோவும் கிரீனும் வேலை பார்த்தது மெல்வில்லும் தோரோவும் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில். அந்த மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றைப் படித்துவிட்டார்கள். மறுபாதி, அதே மிஷன் 1841இல் ஆங்கிலத்திலும் தமிழிலும் தொடங்கிய 'உதயதாரகை' இதழில் இருக்கிறது. நியூ இங்கிலாந்தைப் பற்றி யாழ்ப்பாணத்தார் என்ன நினைத்தார்கள், எதை ஏற்றார்கள், எங்கே சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அதன் தமிழ்ப் பத்திகளில் கிடக்கிறது. அதைப் படிக்க ஹார்வர்டு பேராசிரியருக்குத் தமிழ் வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது. அடுத்த ஆய்வேட்டை அங்கிருந்து தொடங்குங்கள்.